‘ஓயாஜி’ என்றால் அப்பாவா, தலைவரா? ‘யாகுசாவும் குடும்பமும்’ படம் குறித்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டத்தில் இரண்டு கேள்விகள். ஃபுஜி மிச்சிஹிதோ இயக்கி 2021 ஜனவரியில் ஜப்பானில் வெளியான ‘யாகுசா தோ கசோகு’ (யாகுசாவும் குடும்பமும்; யாகுசா என்பது ஜப்பானியக் குற்றக் கும்பல்) படத்தில், பதினான்கு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் கும்பல்காரன் கென்ஜி ஒரு சாதாரண வாழ்க்கையைத் தொடங்கவே முடியாமல் போவதும், சமூக ஊடகத்தில் பரவும் ஒரே ஒரு புகைப்படத்தால் அவனைச் சேர்ந்தவர்களின் வேலையும் வீடும் சிதைவதும் நிஜமா மிகையா என்பது ஒன்று. கும்பல் தலைவரை அவர்கள் தந்தை என்று சொல்வது மெய்யான உறவா, வெறும் வாய்ப்பேச்சா என்பது மற்றொன்று. ஆனால் கடைசி வரியில், ‘அப்படியானால் கென்ஜியின் குடும்பம்தான் எது?’ என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டுக்கும் விடை சொல்லாமல் அதைத் தொட முடியாது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். படத்தின் முடிவையும் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பிப்பவன். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக மாணவர்களோடு அமர்ந்து இந்தப் படத்தின் வசனங்களைத் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஆகவே சொற்களைப் பற்றியும், அச்சில் வந்த சட்டங்களைப் பற்றியும், திரைப்பட மரபைப் பற்றியும் உறுதியோடு பேச முடியும். அந்த உலகத்துக்குள் போய்ப் பழகியவன் அல்லன். ஒரு கும்பல்காரனின் மனத்துக்குள் பாசம் இருந்ததா என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் என் வாசிப்பு என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கில சப்டைட்டிலில் ‘பாஸ்’ என்று வந்த பல இடங்களில் நடிகர்கள் சொல்வது ‘ஓயாஜி’. ஒரு ஜப்பானிய மகன் தன் சொந்தத் தகப்பனைக் குறிக்கக் கொஞ்சம் முரட்டு உரிமையோடு பயன்படுத்தும் அதே சொல் அது. கும்பல் தலைவரைக் குறிக்கும் ‘ஓயாபுன்’ என்பதில் ‘ஓயா’ என்றால் பெற்றவர். அவருக்குக் கீழே இருப்பவன் ‘கோபுன்’, அதில் ‘கோ’ என்றால் பிள்ளை. மூத்தவன் ‘அனிகி’, அண்ணன். இளையவன் ‘ஷாதெய்’, தம்பி. தலைவரின் சகோதர நிலையில் இருப்பவர் ‘ஓஜிகி’, அதாவது சித்தப்பா. தலைவரின் மனைவி ‘அனெசான்’, அக்கா. ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல் என்பதால் சப்டைட்டிலில் இந்த ஏணி முழுவதும் தட்டையாகிவிடுகிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லாம் நமக்குத் தனித்தனியாகவே இருக்கின்றன. தமிழுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நாம் கடைக்காரரையும் ஆட்டோ ஓட்டுநரையும் ‘அண்ணே’ என்று எளிதாக அழைத்துவிடுவதால், அந்த அழைப்பில் எந்தக் கட்டுப்பாடும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. யாகுசா உலகத்தில் ஒருவன் மற்றவனுக்கு அண்ணன் ஆவது மரியாதைக்காக அன்று. அதற்கு ஒரு சடங்கு உண்டு. அது நடந்த பிறகு அந்த உறவு ஒரு பதவியாகிவிடும்.

அந்தச் சடங்குதான் படத்தின் முதல் பகுதியில் கென்ஜி கும்பலில் சேரும்போது நீங்கள் பார்த்த ‘சகாசுகி’, அதாவது மதுக்கிண்ணப் பரிமாற்றம். சுவரில் மூன்று தெய்வப் பெயர்கள் எழுதிய சுருள்களைத் தொங்கவிடுவது மரபு. நடுவில் அமதெராசு, இரு பக்கமும் ஹச்சிமான், கசுகா. அதன் முன் உப்பும் மீனும் சாக்கே என்ற அரிசி மதுவும் படைக்கப்படும். தந்தை–பிள்ளை உறவுக்கான கிண்ணத்தில், பிள்ளையாகப் போகிறவன் ஊற்றியதை மிச்சம் வைக்காமல் குடித்து, காலிக் கிண்ணத்தைத் தாளில் சுற்றி மார்புக்குள் செருகிக்கொள்வான். சகோதர உறவாக இருந்தால் சாக்கேயின் அளவே உறவின் அளவு. சமமானவர்கள் ஐந்துக்கு ஐந்து. மற்றவர்கள் ஆறுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று என்று பிரித்துக் குடிப்பார்கள். இதை நடத்தி வைப்பவருக்கு ‘பைஷாகுனின்’ என்று பெயர். திருமணத்தை முன்னின்று நடத்தி வைப்பவருக்கும் ஜப்பானிய மொழியில் அதே பெயர்தான். உறவு முறிவதும் இந்தச் சடங்கின் மொழியிலேயே சொல்லப்படும்: ‘கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்’ என்பார்கள். தலைவரே ஒருவனை விலக்குவதாக இருந்தால், பிற்பாடு மன்னித்துச் சேர்த்துக்கொள்ள இடமுள்ள ‘ஹாமோன்’ என்ற விலக்கு ஒன்று. இனி எந்நாளும் ஒட்டில்லை என்கிற ‘செட்சுயென்’ மற்றொன்று. இரண்டையும் எழுத்தில் மற்றக் கும்பல்களுக்கு அறிவித்துவிடுவார்கள், அவனை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

இதையெல்லாம் கேட்டவுடன் குற்றவாளிகள் குடும்பச் சொற்களைத் திருடிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அது பாதிதான் சரி. தச்சு வேலையிலும் கட்டுமானத்திலும் சுரங்கத்திலும் துறைமுகக் கூலியிலும் இந்த ஓயாபுன்–கோபுன் முறை பரவலாக இருந்தது. இன்றும் சுமோ மல்லர்களின் ஆசான் ‘ஓயாகாதா’ என்றே அழைக்கப்படுகிறார்; அதிலும் ‘ஓயா’ இருக்கிறது. ‘ஹாமோன்’ என்ற சொல்கூட மரபுக் கலைகளில் குரு சீடனை நீக்குவதற்கும் உரியதுதான். ஜப்பானின் மிகப் பெரிய கும்பலான யாமகுச்சி-குமி 1915இல் கோபே துறைமுகத் தொழிலாளர் நடுவே தோன்றியது என்பதை நினைவில் வைத்தால், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். வேலை கொடுப்பவன், தங்க இடம் கொடுப்பவன், சண்டையில் முன்னால் நிற்பவன் எல்லாம் ஒருவனாகவே இருந்த இடத்தில் அவனைத் தந்தை என்று சொன்னதில் வியப்பில்லை.

ஆனால் நடைமுறைக் குடும்பத்திலிருந்து இது விலகும் இடம் ஒன்று உண்டு. திரைப்படங்கள் அதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. வீட்டில் பணம் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும். கும்பலில் பிள்ளையிடமிருந்து பெற்றவருக்குப் போகும். மாதந்தோறும் மேலே கட்ட வேண்டிய கப்பத்துக்கு ‘ஜோனோகின்’ என்று பெயர். யாமகுச்சி-குமி தன் நூறாவது ஆண்டான 2015இல் பிளவுபட்டபோது, அந்தப் பண நெருக்கடி முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பரவலாகப் பேசப்பட்டது. தெய்வங்களின் முன் தந்தையாக ஏற்றவரை விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள். ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே, 2004 நவம்பரில், இந்த உறவுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டது. 1995இல் கியோத்தோவில் ஒரு காவலர் எதிர்க்கும்பல் ஆள் என்று தவறாக எண்ணிச் சுடப்பட்ட வழக்கில், அடிமட்ட ஆட்களின் செயலுக்கு உச்சியிலிருந்த தலைவர் இழப்பீடு தரவேண்டும் என்றது. அதற்கு அது கையாண்டது ஊழியன் செய்த தீங்குக்கு முதலாளி பொறுப்பு என்கிற குடிமைச் சட்டப் பிரிவை. தந்தை, பிள்ளை என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை நீதிமன்றம் முதலாளி, கூலியாள் என்று படித்தது. அந்தத் தீர்ப்பில் இருக்கும் குளிர்ச்சியான நேர்மையை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

படங்களிலும் இந்தச் சந்தேகம் புதியதன்று. 1960களில் தோயெ நிறுவனம் வரிசையாக எடுத்த ‘நின்க்யோ’, அதாவது கும்பல்காரனை மானமுள்ள வீரனாகக் காட்டும் வகைப் படங்களில், நடிகர்கள் தகாகுரா கென்னும் சுருதா கோஜியும் கடமைக்கும் பாசத்துக்கும் இடையே நசுங்கிக் கடைசியில் வாளோடு தனியே நடந்து போவார்கள். தந்தையாக வரும் பழைய தலைவர் எப்போதும் நல்லவராகவே இருப்பார். ஃபுகாசாகு கின்ஜி 1973இல் ஹிரோஷிமா வட்டாரத்துக் கும்பல் சண்டைகளை வைத்து எடுத்த ‘ஜிங்கி நாகி ததகாய்’ அந்தத் தந்தையைத் தெருவுக்கு இழுத்துவந்தது. அதில் வரும் யாமமோரி என்ற தலைவர் வேண்டியபோது அழுவார், காரியம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளை ஒருவர் மீது ஒருவரை ஏவிவிடுவார். கனெகோ நோபுவோ அந்த அழுகையை நடித்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, பிறகு எந்தப் படத்திலும் ஒரு ஓயாபுன் கண்கலங்கினால் சிரிப்புதான் வரும். ஆக ஃபுஜியின் படம், நல்ல தந்தை, கள்ளத் தந்தை ஆகிய இரண்டு மரபும் தெரிந்த பார்வையாளர்களுக்கு முன்னால் வந்த படம். அவர் தெரிந்தே பழைய நல்ல தந்தையைத் திரும்பக் கொண்டுவருகிறார். போதைப்பொருளால் அழிந்த சொந்தத் தகப்பனின் ஈமச் சடங்கில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கென்ஜி, ஷிபாசாகி என்ற முதியவர் கனிவாக இரண்டு வார்த்தை பேசியதும் உடைந்து அழுகிறான். அந்த அழுகை பொய்யில்லை. தாச்சி ஹிரோஷி அந்த முதியவரை அவ்வளவு அடக்கமாகச் செய்திருப்பதால், அவர் நடத்துவது ஒரு குற்றக் கும்பல் என்பதையே நாம் சிறிது நேரம் மறந்துவிடுகிறோம். படத்தின் பலமும் அதுதான், எனக்கு அதன் மீதுள்ள முதன்மையான குறையும் அதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. படம் 1999, 2005, 2019 என்று மூன்று காலங்களில் நிற்பது தற்செயலன்று. அந்த இடைவெளியில்தான் சட்டம் மாறியது. 1992இல் நடைமுறைக்கு வந்த வன்முறைக் கும்பல் தடுப்புச் சட்டம், கும்பலில் இருப்பதையே குற்றமாக்கவில்லை. இன்றும் அது குற்றமில்லை. மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதையே 1982இல் குற்றமாக்கிய இத்தாலியிலிருந்து ஜப்பான் இங்கே வேறுபடுகிறது. அச்சட்டம் சில கும்பல்களைப் பெயர் சொல்லி அறிவித்து, அவற்றின் பணம் பறிக்கும் வழிகளைக் கட்டுப்படுத்தியது. உண்மையான அடி அதற்குப் பிறகு வந்தது. 2010இல் ஃபுகுவோகா தொடங்கி, 2011 அக்டோபரில் தோக்கியோவும் ஓகினாவாவும் சேர்ந்ததோடு, நாற்பத்தேழு மாகாணங்களும் கும்பல் விலக்கு விதிகளைக் கொண்டுவந்துவிட்டன. இவற்றின் சூட்சுமம், கும்பல்காரனைத் தடுப்பதை விட்டுவிட்டு அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் மற்றவர்களைத் தடுப்பது. அதன் விளைவாக வங்கி, வீட்டு வாடகை, காப்பீடு, கைபேசி என்று எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் ‘நான் வன்முறைக் கும்பலைச் சேர்ந்தவன் அல்லன்’ என்று உறுதி கூறும் ஒரு வரி வந்துவிட்டது. பொய்யாகக் கையெழுத்திட்டால் அது மோசடி. உண்மையைச் சொன்னால் கணக்கு இல்லை. கென்ஜி 2005இல் சிறைக்குள் போகும்போது இல்லாத ஒரு வேலி, 2019இல் அவன் திரும்பி வரும்போது நாடு முழுவதும் எழுந்து நிற்கிறது.

கும்பலை விட்டு விலகிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். படத்தில் ஹொசோனோ என்ற பழைய தோழன் விளக்கும் ஐந்தாண்டு விதி உண்மையிலேயே இருக்கிறது. கும்பலை விட்டு விலகி ஐந்து ஆண்டுகள் ஆகாதவரை உறுப்பினராகவே கருதலாம் என்பது அந்த ஒப்பந்த வாசகங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒன்று. போலியாக விலகிவிட்டுத் தொழிலைத் தொடர்பவர்களைத் தடுக்க வந்த விதி அது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் உண்மையாக விலகியவனுக்கு முதல் மாதச் சம்பளத்தைப் போட்டுவைக்க ஒரு கணக்கு வேண்டும், அதைத்தான் அவனால் திறக்க முடியாது. இது திரைக்கதையாசிரியரின் கற்பனையன்று என்பதற்கு, படம் வெளிவந்து ஓராண்டு கழித்து, 2022 பிப்ரவரியில், விலகியவர்கள் சம்பளக் கணக்குத் தொடங்க உதவுமாறு தேசியக் காவல் முகமையே மாகாணக் காவல்துறைகளுக்கு அறிவுறுத்தியதே சான்று. 2015இல் தோகாய் தொலைக்காட்சி, ஒசாகாவின் ஒரு கும்பல் அலுவலகத்துக்குள் படக்கருவியோடு போய் எடுத்த ‘யாகுசாவும் அரசியலமைப்பும்’ என்ற ஆவணப்படத்திலும், கணக்குத் திறக்க முடியாமை, பிள்ளையை மழலையர் காப்பகத்தில் சேர்க்க மறுக்கப்பட்டமை போன்ற முறையீடுகள் வருகின்றன. அவற்றைச் சொல்பவர்கள் தங்கள் பக்கத்தை வாதாடும் கும்பல்காரர்கள் என்பதை மறக்காமல் அதைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையும் படத்தின் மூன்றாம் பகுதியை உறுதிப்படுத்துகிறது. 1963இல் ஏறத்தாழ 1,84,000 ஆக இருந்த கும்பல் உறுப்பினர், துணை உறுப்பினர் தொகை, காவல்துறைக் கணக்குப்படி 2024 முடிவில் 18,800 அளவுக்கு வந்துவிட்டது. மிச்சமிருப்பவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஷிபாசாகி-குமியின் அலுவலகத்தில் கடைசியில் நான்கைந்து கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதும், ஒரு காலத்தில் நகரத்தையே அதட்டியவர்கள் இரவில் விலாங்குக் குஞ்சுகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வயிறு வளர்ப்பதும் அதனால்தான் கேலியாகத் தெரியவில்லை. அந்தக் காட்சியில் துப்பாக்கிக்குப் பதில் விளக்கும் வலையும். கென்ஜியின் முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு கூச்சம்தான் இருக்கிறது. கென்ஜியாக வரும் அயானோ கோவின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மூன்றாம் பகுதியில் திரையே பக்கவாட்டில் சுருங்கி ஏறத்தாழச் சதுரமாகிவிடுவதைக் கவனித்தீர்களா? தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். அது வேண்டுமென்றே செய்தது.

புகைப்படம் பரவும் விஷயத்தில் மட்டும் என் உறுதி கொஞ்சம் குறைவு. உடன் வேலை செய்பவன் எடுத்துப் போட்ட ஒரு படத்தால் சில நாட்களுக்குள் ஹொசோனோவின் குடும்பம் பிரிவதும், கென்ஜியின் பழைய காதலி யுகா நகராட்சி அலுவலக வேலையில் நிற்க முடியாமல் போவதும், மகள் ஆயா பள்ளியில் ஒதுக்கப்படுவதும் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நடக்கக் கூடியதுதான். மொத்தமும் ஒரே வாரத்தில் நடப்பது நாடகத்தின் தேவை என்று நினைக்கிறேன். விதிகளில் எங்கும் ‘மனைவியை வேலையை விட்டு நீக்கு’ என்று எழுதியிருக்கவில்லை. எழுதப்பட்ட விதி ஓர் அடி வைத்தால், அக்கம்பக்கத்தாரின் பயம் பத்து அடி வைக்கும். சட்டம் நீதிமன்றத்தில் கும்பலைக் கம்பெனியாகப் பார்த்தது என்றேன். ஊர் அப்படிப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் குடித்தவன் என்றென்றும் அந்த வீட்டுப் பிள்ளை என்ற யாகுசாவின் கோட்பாட்டை, யாகுசாக்களே கைவிட்ட பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஊர்தான். உங்கள் கடைசி வரிக்கு நான் கண்ட விடையும் இங்கேதான் இருக்கிறது: கென்ஜிக்கு இரண்டு குடும்பங்கள் இருந்தன என்பதைவிட, ஒன்றுக்குப் பிள்ளையானதால் மற்றொன்றுக்குத் தந்தையாக முடியாமல் போனது என்பதே படத்தின் கணக்கு. வேண்டாம், போய்விடு என்று யுகா கெஞ்சும்போது அவள் கெட்டவளாகத் தெரியாததும் இதனால்தான். கடைசியில் துறைமுகத்தில் கென்ஜியைக் குத்துவது எதிரியன்று, தம்பி முறையான ஹொசோனோ. ஏன் திரும்பி வந்தாய் என்று அழுதுகொண்டே குத்துகிறான்.

படத்தின் குறையைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாக இராது. ஷிபாசாகி போதைப்பொருளைத் தொடமாட்டார் என்பதால் அவர் நல்லவர், எதிர்க்கும்பல் தொடும் என்பதால் அது கெட்டது என்று படம் சுலபமாகப் பிரித்துவிடுகிறது. மாமூல் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த கடைக்காரர் ஒருவரின் முகத்தையாவது அது காட்டியிருக்கலாம். யுகாவும் ஆயாவும் கென்ஜி இழப்பதற்காகவே எழுதப்பட்டவர்கள் போல இருக்கிறார்கள். இது அந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பழைய நோய். இதே பொருளை உருக்கம் குறைவாகப் பார்க்க விரும்பினால், இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து வெளியான நிஷிகாவா மிவாவின் ‘சுபராஷிகி செகாய்’ படத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து வெளிவரும் நடுவயது முன்னாள் யாகுசாவாக யாகுஷோ கோஜி அதில் வருகிறார். அங்கே புகைப்படம் எதுவும் பரவுவதில்லை. அவருடைய முன்கோபம் ஒன்றே போதுமான தடையாக இருக்கிறது. என் வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால், மாணவர்கள் முதல் படத்துக்கு அழுவார்கள், இரண்டாவதைப் பற்றிப் பேசுவார்கள்.

மொழிபெயர்ப்பில் எங்களுக்குக் கடைசி வரை தீராத தகராறு அந்த ‘ஓயாஜி’தான். ‘அப்பா’ என்று போட்டால் கும்பல் மறைந்துவிடுகிறது, ‘தலைவரே’ என்று போட்டால் பிள்ளை மறைந்துவிடுகிறான். ஒரு மாணவி ‘ஐயா’ என்று எழுதினாள், சில வட்டாரங்களில் அது தகப்பனையும் குறிக்கும் என்பது அவள் வாதம். இருந்தவற்றில் அதுவே நன்றாக நின்றது. இறுதிக் காட்சியில் மட்டும் யாருக்கும் தயக்கம் வரவில்லை. கென்ஜி விழுந்த அந்தத் துறைமுகத்துக்கு மலர் வைக்க வந்த த்சுபாசா என்ற இளைஞனிடம், தன் தந்தை எப்படிப்பட்ட மனிதர் என்று ஆயா கேட்கிறாள். அவள் சொல்வது ‘ஓதோசான்’. கிண்ணமோ சடங்கோ பதவியோ ஒட்டாத, எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லும் சொல். அங்கே ‘அப்பா’ என்றே எழுதினோம்.